ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து மீட்டர்

சிங்கப்பெருமாள் கோவில் அஞ்சல்
10-2-1991

கர்த்தருக்குள் பிரியமான வாணி அப்பாவுக்கு,

சலோமி எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நான் சுகம். உங்கள் சுகத்துக்காகத் தினமும் முழங்காலில் நிற்கிறேன். ரேடியோவில் வளைகுடாச் சண்டையைச் சொல்லும்போதெல்லாம் பால்வாடிப் பிள்ளைகளை வாய்மூடச் சொல்லிவிட்டுக் காதைக் கொடுக்கிறேன். பஹ்ரைன் என்று பெயர் வந்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்குவதில்லை. நாலு வரி எழுதிப் போட்டால் கை தேய்ந்துவிடுமா உங்களுக்கு?

இப்போது ஒரு முக்கியமான காரியம். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றனவாம், அதற்காக நம் ஊர் வழியாக அகலமாக ஒரு ரோடு போடப் போகிறார்கள். ரோடு நம் நிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. நிலம் போனால் போகட்டும், மானாவாரிப் பூமி, அதில் என்ன விளைந்தது? எனக்கு வேறு கவலை. நம் வாணி அங்கேதானே படுத்திருக்கிறாள்.

அவள் போய் ஒரு வருஷமும் மூன்று மாதமும் ஆகின்றன. அன்றைக்கு அடைமழை, ஏரி உடைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் இடுப்பளவு தண்ணீர். போதகர் வந்து ஜெபம் பண்ணி, நம் நிலத்தில் வடக்கு வரப்பு ஓரம் மேடாக இருந்த இடத்தில் வைத்தோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு இடம் வேண்டும்? அந்த இடத்தின் மேல் லாரி ஓடுமா ஓடாதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

பக்கத்து நிலத்துக் கண்ணப்பன் அண்ணன் தாலுகா ஆபீசிலிருந்து ரோடு போகும் படத்தை வாங்கி வந்தார். பாய் போல இருந்தது. கவரில் போகாது என்று ஜெராக்ஸ் கடையில் சின்னதாக எடுக்கச் சொல்லி இரண்டு பிரதி வாங்கினேன். ஒன்று உங்களுக்கு, ஒன்று என்னிடம். அண்ணன் கொத்தனார் வேலைக்கு வைத்திருக்கும் டேப்பால் அளந்து பார்த்தோம். மேற்கு மூலைக் கல்லிலிருந்து வரப்போடு வந்தால் நாற்பத்து நான்காவது மீட்டரில் வாணி இருக்கிறாள். நீங்கள் படம் வரைகிற உத்தியோகம் பார்க்கிறவர். பார்த்துச் சொல்லுங்கள். ஏப்ரலில் உங்களுக்கு லீவு என்றீர்களே, நேரிலேயே வந்து பார்த்தால் இன்னும் நல்லது.

தங்கள் அன்பு மனைவி,
சலோமி


மனாமா, பஹ்ரைன்
6-3-1991

அன்புள்ள சலோமிக்கு,

நான் நலம். சண்டை முடிந்தது, இனி ரேடியோவைப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட வைத்துக்கொள். தபால் இல்லாததற்கு நான் என்ன செய்வேன்? விமானமே பறக்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் இல்லை. ஆனால் படத்தைப் பார்த்ததும் ஒரு தைரியம் வந்தது. பிள்ளை சுரத்தில் கிடந்தபோது நான் ஒன்றுக்கும் உதவவில்லை. இது எனக்குத் தெரிந்த வேலை.

உனக்கும் விளங்கும்படி சொல்கிறேன், கேள். பால்வாடியில் யானைப் படம் மாட்டியிருக்கிறாயே, நிஜ யானை அந்தத் தாளில் அடங்குமா? சின்னதாக்கித்தான் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு சின்னதாக்கினார்கள் என்று தெரிந்தால் நிஜ யானை எவ்வளவு பெரிது என்று கண்டுபிடித்துவிடலாம். அதைச் சொல்வதற்குப் பெயர்தான் ஸ்கேல். உன் படத்தின் வலது மூலையில் ‘1 செ.மீ. = 10 மீ.’ என்று எழுதியிருக்கிறது, பார். படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் பத்து மீட்டர். இவ்வளவுதான் விஷயம்.

மேற்கு மூலைக் கல்லிலிருந்து ரோட்டின் முதல் கோடு வரை அளந்தேன். சரியாக நான்கு சென்டிமீட்டர். அடுத்த கோடு ஐந்தரை. அப்படியென்றால் ரோடு நாற்பதாவது மீட்டரில் தொடங்கி ஐம்பத்தைந்தில் முடிகிறது. வாணி நாற்பத்து நான்கில் இருக்கிறாள். சலோமி, பிள்ளை ரோட்டுக்குள்ளேதான் இருக்கிறாள்.

மூன்று தடவை அளந்துவிட்டுத்தான் எழுதுகிறேன். போதகரிடம் பேசி, அனுமதி எழுதி வாங்கி, அவளைச் சபைக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போய்விடுங்கள். மனதைத் திடப்படுத்திக்கொள்.

உன்
ஜீவரத்தினம்


25-3-1991

கர்த்தருக்குள் பிரியமான வாணி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நேற்று குருத்தோலை ஞாயிறு. ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர ஒரு பாட்டும் வாயில் வரவில்லை. மூடிய மண்ணைத் திறக்கச் சொல்கிறீர்கள். திறந்தால் நான் தாங்குவேனா என்று உங்களுக்குத் தெரியுமா?

கண்ணப்பன் அண்ணனிடம் சொன்னேன். “இன்னாத்துக்கும்மா அவசரம்? பேப்பர்ல கோடு எங்க வேணா போவும். சர்வே ஆளுங்க வந்து கல்லு நட்டுட்டு போவட்டும், அப்பால பாத்துக்கலாம்” என்கிறார். கல் நட மே, ஜூன் ஆகுமாம். அதற்கு முந்தி மண்வெட்டிக்கூட வராது என்று சத்தியம் பண்ணுகிறார்.

நானும் பால்வாடி ஸ்கேலை வைத்து உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடிதான் வருகிறது, நான்கும் ஐந்தரையும். ஆனால் ஒன்று கேட்க வேண்டும், சிரிக்காதீர்கள். படத்தின் அடியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டு ஒரு பட்டை இருக்கிறது. ஒரு முனையில் 0, மறுமுனையில் 100 மீட்டர் என்று போட்டிருக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து மீட்டர் என்றால் அந்தப் பட்டை பத்து சென்டிமீட்டர் இருக்க வேண்டாமா? எனக்கு ஏழுதான் வருகிறது. என் ஸ்கேல் தப்பா, பட்டை தப்பா?

எதற்கும் நீங்கள் ஏப்ரலில் வந்துவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் எதுவாக இருந்தாலும் செய்துவிடலாம். நீங்கள் இன்னும் அவள் இருக்கும் இடத்தைப் பார்க்கவே இல்லை.

தங்கள் அன்பு மனைவி,
சலோமி


மனாமா
10-4-1991

அன்புள்ள சலோமிக்கு,

ஈஸ்டர் வாழ்த்துக்கள். நீ எழுதியதைப் படித்துச் சிரிக்கத்தான் செய்தேன். ஸ்கேல் என்றால் என்ன என்று சொல்லித் தந்தவனுக்கே அளக்கச் சொல்லிக் கொடுக்கிறாய்! நானும் பார்த்தேன், பட்டை ஏழுதான் இருக்கிறது. வரைந்தவன் அதை ஒழுங்காகப் போடவில்லை. அதெல்லாம் அழகுக்குப் போடுவது. எங்கள் டிராயிங் ஆபீசில் புதிதாக வருகிறவனுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இதுதான்: கோட்டை நம்பாதே, எழுதியிருப்பதை நம்பு. எழுதியிருப்பது பத்து மீட்டர். அதைத் தாண்டி யோசிக்காதே.

லீவு விஷயம். சண்டைக்குப் பிறகு இங்கே வேலை குவிந்து கிடக்கிறது. ஆள் இல்லை. எனக்கு இப்போது லீவு கிடைக்காது. எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கண்ணப்பன் பேச்சைக் கேட்டுக் கல் நடும்வரை உட்கார்ந்திருந்தால் பிறகு நேரம் இருக்காது. இந்த ரோடு வேலை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும், தினமும் கண்ணால் பார்க்கிறேன். புல்டோசர் வந்து இறங்கிவிட்டால் அது கல்லறை என்றும் பார்க்காது, கருவேலம் என்றும் பார்க்காது. நம் பிள்ளையை அது வாரிக் கொட்ட நாம் விடலாமா? மே மாதத்துக்குள் முடித்துவிடு. இது என் கட்டளை என்று நினைத்தாலும் சரி, கெஞ்சல் என்று நினைத்தாலும் சரி.

உன்
ஜீவரத்தினம்


6-5-1991

அன்பான வாணி அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி செய்துவிட்டோம். சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்.

அனுமதிக் கடிதத்தைக் கிராம நிர்வாக அதிகாரி வாங்கித் தந்தார். போதகர், உபதேசியார், கண்ணப்பன் அண்ணன், குழி தோண்டுகிற நாகப்பன், நான். வேறு யாரையும் கூப்பிடவில்லை. பெண்கள் நிற்கக் கூடாது என்று உபதேசியார் சொன்னார். பெற்றவள் நிற்காமல் வேறு யார் நிற்பது என்று கேட்டேன்.

நாகப்பன் முதலில் மண்வெட்டியால் எடுத்தார். பிறகு அதைத் தூரப் போட்டுவிட்டுக் கையால் எடுத்தார். பக்கத்து நுணா மரத்தின் வேர் பெட்டிக்குள் புகுந்திருந்தது. அதை அரிவாளால் வெட்ட வேண்டியிருந்தது. “யம்மா, நீ அப்பால போ. நான் பதனமா எட்துக்கினு வரேன், உன் புள்ளய எம் புள்ளயாட்டம் எட்துக்கினு வரேன்” என்றார். நான் போகவில்லை.

நீங்கள் பிறந்த நாளுக்கு அனுப்பிய மஞ்சள் கவுனைத்தான் அவளுக்குப் போட்டிருந்தோம். நைலான் துணி. அது மக்கவே இல்லை, சாயம்கூடப் போகவில்லை. துணி அப்படியே இருக்கிறது. அவள்தான் இல்லை. இதற்கு மேல் எழுத முடியாது. எழுதினால் நீங்களும் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். நான் ஒருத்தி பார்த்தது போதும்.

புதுப் பெட்டி மிகவும் சின்னதாக இருந்தது. கல்லறைத் தோட்டம் வரை நானே மடியில் வைத்துக்கொண்டு மாட்டு வண்டியில் போனேன். போதகர் மறுபடியும் அதே வசனத்தை வாசித்தார். ஒரே பிள்ளையை இரண்டு தடவை அடக்கம் பண்ணிய தாய் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டேன் என்ற ஒரு ஆறுதல் இருக்கிறது. லாரி அவள் மேல் ஓடாது.

சலோமி


மனாமா
24-5-1991

என் அன்புள்ள சலோமிக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். உன்னை அங்கே தனியாக நிற்க வைத்த பாவி நான். ஆனாலும் நீ செய்தது சரியான காரியம். இனி அவள் மற்றப் பிள்ளைகளோடு, சபையாரோடு இருக்கிறாள். மழையோ ரோடோ அவளை ஒன்றும் செய்யாது.

உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்? அப்பன் என்று நான் அவளுக்குச் செய்த காரியம் இது ஒன்றுதான். இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு தாளையும் ஒரு ஸ்கேலையும் வைத்து என் பிள்ளையைக் காப்பாற்றினேன் என்று நினைக்கும்போது நெஞ்சுக்குக் கொஞ்சம் சுகமாக இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த செய்தியை ரேடியோவில் கேட்டதும் அறையில் இருந்த எல்லாரும் என்னிடம் ஓடி வந்துவிட்டார்கள், உன் ஊர்தானே, உன் ஊர்தானே என்று. நீ வெளியே எங்கும் போகாதே.

உன்
ஜீவரத்தினம்


18-6-1991

வாணி அப்பாவுக்கு,

இங்கே பத்து நாள் பஸ் இல்லை. எங்கே பார்த்தாலும் போலீஸ். அதனால்தான் சர்வே ஆட்கள் வரத் தாமதம். போன புதன்கிழமை வந்தார்கள். நம் நிலத்தில் கல் நட்டுவிட்டார்கள்.

முதல் கல் மேற்கு மூலையிலிருந்து ஐம்பத்தேழாவது மீட்டரில் இருக்கிறது. இன்னும் மூடாமல் பாதி திறந்து கிடக்கும் வாணியின் குழிக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவில் பதின்மூன்று மீட்டர். நானே டேப்பைப் பிடித்து அளந்தேன். பிறகு கண்ணப்பன் அண்ணன் அளந்தார். அவரும் அதையே சொன்னார். சொல்லிவிட்டுத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

நான் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு போய் அந்த சர்வேயரிடம் காட்டினேன். கல்லைத் தப்பாக நட்டிருக்கிறீர்கள், நாற்பதில் அல்லவா வர வேண்டும் என்று சண்டை போட்டேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். “இன்னாம்மா, இது சுருக்கி எட்த்த ஜெராக்ஸாச்சே. இதும்மேல ஸ்கேல வெச்சா எப்டி? படம் சுருங்கினா கீழ கீற பட்டையும் கூடவே சுருங்கும். எழுத்து மட்டும் பத்துன்னு அப்டியே நிக்கும். பட்டைய வெச்சித்தான் பாக்கணும்” என்றார். அவர் கண் முன்னாலேயே போட்டுக் காட்டினார். இந்தத் தாளில் ஒரு சென்டிமீட்டர் பத்து மீட்டர் இல்லை, பதினான்குக்கும் மேலே. நம் வடக்கு வரப்பு தரையில் நூறு மீட்டர், தாளில் ஏழு. அந்த வரப்பை ஒரு தடவை அளந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். எதற்காகக் கேட்கிறாய் என்று அவர் கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சின்னதாக எடுக்கச் சொன்னேன் என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். பட்டை ஏழுதான் வருகிறது என்று அடுத்ததில் எழுதினேன். நீங்கள் சிரித்தீர்கள். கணக்குத் தப்பியதற்காக நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். யாருக்கும் தப்பும். உபதேசியார் வந்து, ஆனைக்கும் அடி சறுக்கும் அம்மா என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். சரி என்றுதான் தலையாட்டினேன்.

ஆனால் வேறொன்று இருக்கிறது. உங்களோடு வேலை பார்க்கும் தசரதன், மே மாதம் பதினைந்தாம் தேதி நீங்கள் கொடுத்தனுப்பிய பார்சலைக் கொண்டுவந்தார். நல்ல பிள்ளை. காபி குடித்துக்கொண்டே கண் கலங்கினார். “அக்கா, சாருக்கு லீவு சாங்ஷன் ஆய்ட்ச்சு. டிக்கெட் போடற நேரத்துல, நீ போடா, தங்கச்சி கல்யாணத்த பாருன்னு அவரே எனக்கு வுட்டுக் குடுத்தாரு. அவர மாதிரி மனுசன் யாரு கீறாங்க?” என்றார். ஆமாம் தம்பி என்றேன். ஒரு மாதமாக இதை உங்களுக்கு எழுதாமல் இருந்தேன். நல்ல காரியத்துக்குத்தானே விட்டுக் கொடுத்தார், பிள்ளைக்கும் நல்லதுதானே நடந்தது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இப்போது அந்தச் சமாதானமும் இல்லை.

நீங்கள் வந்திருந்தால் கல் நடும்வரை இருந்திருப்போம். ஏன் வரவில்லை?

சலோமி


மனாமா
5-7-1991

சலோமி,

நீ கேட்டதற்குப் பதில் எழுத ஐந்து தாளைக் கிழித்துவிட்டேன்.

எங்கள் ஆபீசில் அம்மோனியா பிரிண்ட் மட்டும்தான் எடுப்போம். அசல் எவ்வளவோ பிரதியும் அவ்வளவு. அது சுருங்காது. பதின்மூன்று வருஷமாக அதிலேயே கை பழகிவிட்டது. ஆனால் இது சமாதானம் ஆகாது என்று எனக்கே தெரியும். நீ கேட்ட கேள்வியை எங்கள் ஆபீசில் ஒருத்தன் கேட்டிருந்தால் எழுந்து போய்ப் பார்த்திருப்பேன். நீ கேட்டாய் என்பதால் சிரித்தேன்.

லீவு விஷயத்தில் பொய் சொன்னேன். தசரதனுக்கு இரக்கப்பட்டு விட்டுக் கொடுத்தேன் என்பதும் பொய்தான். வந்தால் அந்த மேட்டின் முன்னால் நிற்க வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டு வந்தபோது அவள் என் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. என் நினைவில் அவள் இன்னும் அப்படித்தான் நிற்கிறாள். மண் மேட்டைப் பார்த்துவிட்டால் அது போய்விடும் என்று பயந்தேன். ரோட்டுக்குள் இருக்கிறாள் என்று கணக்கு வந்ததும் ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நான் வராமலேயே செய்யக் கூடிய காரியம் ஒன்று கிடைத்துவிட்டது. அதனால்தான் அந்தக் கணக்கை நான் மறுபடி சந்தேகப்படவே இல்லை. நான் பார்க்கப் பயந்ததை உன்னைப் பார்க்க வைத்தேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

ஜீவரத்தினம்


மனாமா
20-8-1991

அன்புள்ள சலோமிக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. திட்டியாவது எழுதியிருக்கலாம். கண்ணப்பனுக்கு எழுதிக் கேட்டேன். நீ சுகமாக இருக்கிறாய் என்று மட்டும் எழுதியிருந்தார்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். செப்டம்பர் 14, சனிக்கிழமை இரவு மீனம்பாக்கத்தில் இறங்குகிறேன். நீ வர வேண்டாம், நானே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் இருவருமாக வாணியிடம் போகலாம். அவளைப் பார்க்க இனி எனக்குப் பயம் இல்லை. நீ பக்கத்தில் நின்றால் போதும். எந்த இடத்தில் இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு வரி எழுது.

உன்
ஜீவரத்தினம்


குன்றத்தூர்
2-9-1991

வாணி அப்பாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நீங்கள் உண்மையை எழுதியதற்கு நன்றி. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

போன மாதம் குன்றத்தூர் பால்வாடிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். சமையலம்மா ராஜம்மாவோடு ஒரே அறையில் இருக்கிறேன். வீட்டுச் சாவி கண்ணப்பன் அண்ணனிடம் இருக்கிறது. உங்கள் துணிமணி பீரோவில் மடித்து வைத்திருக்கிறேன். அரிசி, பருப்பு டப்பாவில் இருக்கிறது, பூச்சி வந்திருந்தால் புடைத்துக்கொள்ளுங்கள். நிலத்தில் இருந்த குழியை மூடச் சொல்லிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டீர்கள். கணக்குக்கு எப்போதோ மன்னித்துவிட்டேன். மற்றதற்கு ஜெபம் பண்ணிப் பார்க்கிறேன், வாய் வரை வருகிறது, உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. பொய்யாக மன்னித்துவிட்டு உங்களோடு ஒரே வீட்டில் சோறு பொங்கிப் போட என்னால் முடியாது. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம் எல்லாம் ஜூலையிலேயே தீர்ந்துவிட்டது.

வாணி இருக்கும் இடம் கேட்டீர்கள். நம் கோயிலுக்குப் பின்புறம் இரும்புக் கதவு. உள்ளே நுழைந்ததும் இடது கைப் பக்கம் மூன்றாவது வரிசை, கடைசி மேடு. சுண்ணாம்பு அடித்திருக்கும். பெயர் போட்ட கல் இன்னும் வைக்கவில்லை, நீங்கள் வைப்பதானால் வையுங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும்தான், பூட்டு இல்லை.

நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே போகிறேன். நீங்கள் வேறு கிழமையில் போங்கள்.

சலோமி